கழுத்துக்கும் கத்திக்கும் நடுவில்

வட்டக்கச்சி வீதியோரம் வத்தகப்பழம் என்னும் தர்ப்பூசணி விற்ற அந்த அம்மாவை நான் ஒரே ஒரு தடவைதான் சந்தித்தேன். மெலிந்த உடம்பு, வெயிலில் கறுத்த முகம். லொறியின் வில்லுத் தகட்டில் யாரோ கொல்லர் அடித்துக் கொடுத்த சின்னக் கத்தி ஒன்று வைத்திருந்தார். பழம் வெட்டுவதும் கயிறு அறுப்பதும் காலில் தைத்த முள்ளைக் கிளறுவதும் அந்தக் கத்தியால்தான். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் அதைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொள்வார்.

பழம் சாப்பிட்டுவிட்டு, கணவரின் மோட்டார் சைக்கிளில் ஏறினேன். வண்டி புறப்பட்டதுமே என் சால்வை பின்சில்லில் சிக்கிக் கழுத்தை இறுக்கியது. கத்தவும் முடியவில்லை. கணவர் வண்டியை நிறுத்திவிட்டுச் சால்வையை இழுத்துப் பார்த்தார், அது அசையவில்லை. கண் இருண்டது. அப்போது யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. கழுத்தருகே ஏதோ சரக்கென்று அறுந்தது. மூச்சு வந்தது.

அந்த அம்மா என்னை நிழலில் இருத்தி, சின்னத் துண்டுப் பழம் நீட்டினார்.

“மெல்ல விழுங்குங்கோ பிள்ளை. தொண்டையால இறங்குதோ எண்டு பாப்பம்.”

இறங்கியது. கணவர் என் கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

“அம்மா, கத்தி கழுத்தில பட்டிருந்தால்?”

“பட விடுவனோ தம்பி? என்ர விரலை உள்ளுக்கு விட்டிட்டுத்தானே வெட்டினனான்.”

அப்போதுதான் பார்த்தேன். அவருடைய சுட்டுவிரலில் இரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

ஓடி வந்த அந்தச் சில நொடிகளுக்குள், முன்பின் அறியாத ஒருத்தியின் கழுத்துக்காகத் தன் விரலைக் கொடுக்க அவருக்கு எப்படித் தோன்றியது என்று இன்றும் வியக்கிறேன்.