தண்ணிக்கும் நோய் காட்டிய மெசின்

சாமியாத்தாளின் சேலையெல்லாம் ஆட்டுக் கழிச்சல். அந்தக் கோலத்தில் சத்தியமங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, பீளமேட்டுக்கு அந்தண்டை இருந்த கால்நடை ஆய்வுக்கூடத்துக்கு வந்து நின்றாள். மெஹராஜ்தான் வேலை முடிந்து தான் கட்டிப்போக வைத்திருந்த சேலையைக் கையில் கொடுத்து, குழாயடியைக் காட்டினாள். அன்றைக்குப் பினாயில் கறைபட்ட வேலைச் சேலையோடேதான் மெஹராஜ் வீடு போனாள்.

மெஹராஜ் அங்கே பாட்டில் கழுவுகிறவள். புருசன் மவுத்தான பிறகு அவர் பார்த்த வேலையே கிடைத்தது, பதினோரு வருசமாச்சு. பிஸ்மி சொல்லாமல் ஒரு கண்ணாடிக் குழாயைத் தொடமாட்டாள்.

சாமியாத்தாள் ஐஸ் டப்பாவில் கொண்டுவந்தது செத்த ஆட்டின் மண்ணீரல் துண்டு. ஆறு ஆடு போய்விட்டது. மாடுகளை வாரிக்கொண்டு போகிற வெக்கை நோய்தான் இது என்று ஊரே பேசி, பொதுக்குழாய்ப் பக்கம்கூட அவளை விடவில்லை. வெக்கையா, ஆட்டோடு நின்றுவிடும் ஆட்டுக்கொல்லியா? பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். எந்த நோயோ அதைக் கோடாகக் காட்டிப் பிரித்துச் சொல்லும் புது மெசின் அந்தத் தொண்ணூற்றெட்டில்தான் அங்கே வந்திருந்தது.

சாமியாத்தாள் உறவுக்காரர் வீட்டில் தங்கி, மறுநாள் வந்து வராந்தாவில் உட்கார்ந்தாள். உள்ளே டாக்டர் வெங்கடலட்சுமியின் குரல் உடைந்தது.

"ஒத்துப்பார்க்க வெறும் தண்ணி ஊத்துன குழாய்லயும் வெக்கைன்னு கோடு விழுதே!"

"ஏனுங்க டாக்டரம்மா, தண்ணிக்குமா கழிச்சல்?" என்றாள் மெஹராஜ்.

அழுதுகொண்டிருந்த சாமியாத்தாளுக்கே சிரிப்பு வந்துபோட்டது.

மெஹராஜ் விடவில்லை. "கோவிச்சுக்காதீங்க. போன வாரம் பழகறதுக்குன்னு வெக்கைக் கிருமியிலயே செஞ்ச தடுப்பு மருந்த அந்த மெசின் ரூம்லதானுங்களே வெச்சுப் பார்த்தீங்க? அங்க போட்ட வெள்ளைக் கோட்டு, செருப்போடயே, அதுல ஒட்டுன மருந்தோட இங்க வந்து குழாய்ல ஊத்தறீங்க. கக்கூசுக்குப் போன செருப்போட நாங்க தொழுகற பாய மிதிக்கறதில்லீங்க."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா, புஸ்தகத்துலயே போட்டிருக்கு! எனக்குத்தான் புத்தி போகல!"

அறைக்கொரு சோடிச் செருப்பு, அறைக்கொரு கோட்டு என்று மெஹராஜ் பிரித்து வைத்தாள். மேசைகளைப் பிளீச்சிங் தண்ணியால் மூன்று தரம் துடைத்தாள். புதுக் குழாய், புதுச் சோதனை மருந்து.

அடுத்த நாள் சாயங்காலம் ஊதா விளக்கைப் போட்டார்கள். தண்ணி சுத்தம். வெக்கை வரிசை சுத்தம். ஆட்டுக்கொல்லி வரிசையில் மட்டும் ஆரஞ்சுக் கோடு பளிச்சென்று எரிந்தது!

"மாட்டுக்குப் பயமில்லைங்க!" டாக்டர் வராந்தாவுக்கு ஓடியே வந்துவிட்டாள்.

"பண்ணாரித் தாயே!" என்று ஒருத்தி, "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஒருத்தி. மூன்று பேரும் கையைக் கோத்துக்கொண்டு குதிக்காத குறை.

சீல் போட்ட காகிதத்தை மடியில் செருகிக்கொண்டு சாமியாத்தாள் பஸ் ஏறினாள். அதற்குப்பின் இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை. அன்றைக்கு பஸ் ஜன்னலோரம் நின்று மெஹராஜ் கடைசியாகச் சொன்னது:

"அக்கா, காயிதத்தக் காட்டறப்ப ஊர்ச்சனத்தத் திட்டிப்போடாதீங்க. மாடு போயிருமோன்னுதானுங்க அவங்களும் பயந்தாங்க. மிச்ச ஆடுகளத் தனியாக் கட்டுங்க. அதுக பொழைக்கோணும்னு நான் துவா கேக்கறனுங்க."