கொசுவும் புகையானும்

விளக்குப் பொறியின் வாளியைக் காலையில் திறக்கும்போது எழும் நாற்றத்துக்கு என் மூக்கு இன்னும் பழகவில்லை. வெளிச்சத்துக்கு வந்து விழுந்த பூச்சிகள் விடியும்வரை சோப்புத் தண்ணீரில் ஊறிக் கிடக்கும். கால் உதிர்ந்தவை, வயிறு வெடித்தவை, ஒன்றோடொன்று ஒட்டிக் கூழானவை. அதற்குள் கைவிட்டு, அரிசிக் குருணை அளவே இருக்கும் தத்துப்பூச்சிகளை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். ஒத்தக்கடைப் பக்கம் பூச்சியியல் படிக்கும் எனக்கு இதுதான் அன்றாட வேலை.

பொறுக்கியது எந்த இனம் என்று கண்டுபிடிப்பது அதைவிட அருவருப்பு. நெல்லில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிகள் எல்லாமே வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். பின்காலைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கால் நெடுக முட்கள் வரிசையாக இருந்தால் அது இலையில் திரிகிற ரகம். கால் முடிகிற இடத்தில், சேவல் காலில் இருப்பதுபோல ஒரே ஒரு பெரிய முள் அசைந்தால் அது பயிரின் அடித்தூரில் உட்காருகிற ரகம். பிறகு முதுகில் வெள்ளைப் பட்டை உண்டா, பாதத்தின் முதல் கணுவில் சின்ன முள் உண்டா என்று பார்க்க வேண்டும். தேடுகிற இனத்துக்குப் புல்லில் வாழும் பங்காளிகள் உண்டு, அவற்றை ஒதுக்குவதற்கு அதுவும் போதாது. ஆண் பூச்சியின் வயிற்று நுனியைக் கத்தரித்து, பொட்டாஷ் கரைசலில் வேகவைத்து, சதை கரைந்தபின் மிஞ்சுகிற உறுப்பின் வடிவத்தை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஒருமுறை அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கமாகச் சொன்னேன்.

"அடி ஆத்தே! கண்டதோட குஞ்சாமணியப் பாக்கவா உன்னய அம்புட்டுத் தூரம் பஸ் ஏத்தி விட்டோம்?"

"ஆமாம்மா. அதப் பாத்துச் சொல்ல நம்ம பக்கத்துல என்னய விட்டா ஆளு கிடையாது" என்றேன். விளையாட்டாகச் சொல்லவில்லை.

போன மார்கழியில் ஊருக்கு வந்திருந்தேன். வாடிப்பட்டிக்கு மேற்கே எங்கள் வயலில் நெல், கதிர் வெளிவருவதற்கு முன்னால் தண்டு புடைத்துப் பொதி கட்டியிருந்தது. வீட்டு வாசலில் ஒரு மருந்து பாட்டில் இருந்தது.

"வயல்ல கொசு விழுந்துருக்குத்தா. நாளைக்கு விடியக்காத்தால அடிச்சுப்புடணும்" என்றார் அப்பா.

எங்கள் பக்கத்தில் நெல்லுக்குள் துள்ளுகிற சின்னப் பூச்சி எல்லாமே கொசுதான். புகையான் என்ற சொல்லும் உண்டு. ஆனால் அது தூரில் உட்காருகிற அந்தப் பூச்சியின் பெயர் என்று யாரும் நினைப்பதில்லை. வயல் நடுவே வட்டமாகத் தீய்ந்து, புகை படிந்ததுபோல ஆனபிறகுதான் 'புகையான் விழுந்துருச்சு' என்பார்கள். அப்பா பூச்சிமருந்துக் கடையில் போய்க் கொசு என்று சொல்லியிருக்கிறார். கடைக்காரர் கொசுவுக்கு உள்ளதைக் கொடுத்துவிட்டார்.

பாட்டிலில் எழுதியிருந்ததைப் படித்தேன். இலைமேல் அடிக்கிற மருந்து. தூரில் இருப்பது புகையானாக இருந்தால், இது அதைத் தின்னும் சிலந்திகளைத்தான் முதலில் கொல்லும். எதிரி இல்லாத புகையான் பெருகி வயலையே குடித்துவிடும். வருசத்துக்கு எங்களுக்குச் சோறு போடுகிற வயல் அது ஒன்றுதான்.

வயலுக்குப் போய்ச் சில பூச்சிகளைக் குப்பியில் பிடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பின்காலில் அந்தப் பெரிய முள் இருந்தது. பாதத்தில் சின்ன முள்ளும் இருந்தது. முதுகில் வெள்ளை இல்லை. பாதிக்கு மேல் குட்டைச் சிறகுப் பெட்டைகள், வயிறு புடைக்க முட்டையோடு.

அப்பாவை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். எண்ணெய்க் கையாலேயே குப்பியை வாங்கிப் பார்த்தார்.

"சிறகே இல்லையே பாப்பா. இது கொசுக் குஞ்சு."

"குஞ்சு இல்லண்ணே, சினைப் பொட்டை. புகையான்ல நெட்டைச் சிறகும் உண்டு, குட்டைச் சிறகும் உண்டு. எடம் புடிச்சுப் போனா குட்டையாத்தான் பொறக்கும்."

அவர் என்னை விட்டுவிட்டு அப்பாவிடம் திரும்பினார். "அண்ணே, புகையான்னா வயலு புகைஞ்சிருக்கணும்ல? ஒங்க வயலு புகைஞ்சிருக்கா?"

"இல்லீங்க சார்."

"பெறகென்ன? பாப்பா காலேஜ்ல பூச்சிக்குக் கால் எண்ணட்டும். நீங்க போய் மருந்த அடிங்க."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். எட்டு ஊருக்கு வாய்க்கால் சண்டை பேசித் தீர்க்கிற மனிதர், பஜ்ஜி தின்கிற வாயைப் பார்த்து சார் என்று சொல்லிச் சிரித்தது எனக்கு அருவருப்பாக இருந்தது. வாளி நாற்றம் எவ்வளவோ மேல்.

வரப்பில் வந்து நின்றதும் சொன்னேன். "மருந்து வேணாம்ப்பா. கட்டியிருக்க தண்ணிய வடிச்சு விடுங்க. தூரு காஞ்சாத்தான் அது ஒழியும்."

"கூறு இருக்காத்தா உனக்கு? சண்ட போட்டு வாங்குன முறைத் தண்ணி. பொதி நேரத்துல வடிக்கச் சொல்ற?"

"அப்ப உள்ள எறங்கி, தூருல கைய விட்டுப் பாருங்க."

அப்பா எப்போதும் வரப்பில் நின்று இலையைத்தான் பார்ப்பார். எரிச்சலோடு இறங்கினார். ஒரு நெற்குத்தை விலக்கித் தண்ணீருக்கு மேலே கையை விட்டு அளைந்தார். வெளியே எடுத்தபோது முழங்கைவரை பூச்சி. அவை கழற்றிப் போட்ட வெள்ளைத் தோல்கள் ரோமத்தில் ஒட்டியிருந்தன. விரல்களுக்கு நடுவே பிசுபிசுவென்று கருப்பாக ஏதோ இழுத்தது.

"ச்சீ! என்னாத்தா இது, சளி கணக்கா?"

"அது கழிஞ்சது. நெல்லுச் சாறக் குடிச்சிட்டு அங்கனயே கழியும். அதுமேல பூசணம் புடிச்சுக் கருப்பாயிருச்சு."

அடுத்த குத்தை விலக்கினார். அதற்கடுத்ததையும் விலக்கினார். எல்லாம் அப்படியேதான். சட்டைக்குள் ஏறிய பூச்சியை உதறிவிட்டு, வாய்க்காலில் மண்ணைத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவினார். பிறகு லென்ஸைக் கேட்டார். ஒற்றைக் கண்ணை மூடி வெகுநேரம் பார்த்தார்.

"நீ சொன்ன முள்ளு எனக்குத் தெரியலையே."

"எனக்குத் தெரியுதுப்பா."

அப்பா லென்ஸைத் திருப்பித் தந்தார். மண்வெட்டியை எடுத்து வரப்பை வெட்டிவிட்டார். தண்ணீர் தோல்களையும் பூச்சிகளையும் சுமந்துகொண்டு கீழே இருந்த பள்ளத்துக்கு ஓடியது. வழியில் போன பக்கத்து வயல்காரர் நின்றுவிட்டார்.

"என்ன மாமா, கிறுக்குப் புடிச்சிருச்சா? தண்ணிய எதுக்குத் தொறந்து விடுறீக?"

"நீ மொதல்ல ஓன் வயல்ல தூருல கைய விட்டுப் பாரு மாப்ள. பெறகு பேசு."

வெட்டிய இடத்தில் நின்ற என் காலில் பூச்சிகள் ஏறிக்கொண்டிருந்தன. உதறினாலும் போகவில்லை.

"எல்லாம் ஒழிஞ்சிரும்ல?" என்று அப்பா கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"எல்லாம் ஒழியாது. கொஞ்சம் சேதம் இருக்கும்ப்பா" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

அப்படியேதான் ஆனது. ஓரத்தில் கதிரடிக்கும் ஒரு களம் அகலத்துக்கு வட்டமாகத் தீய்ந்தது. மற்றதெல்லாம் கதிர் வாங்கியது.

இப்போது நான் ஒத்தக்கடையில் வாளியைக் கிளறிக்கொண்டிருக்கும்போது அப்பாவிடமிருந்து போன் வரும். "ஏத்தா, இன்னக்கி அஞ்சாறு குத்து விலக்கிப் பாத்தேன். ஒண்ணு ரெண்டுதான் கெடக்கு. ஆனா கை என்னமா நாறுது, நீ எப்பிடித்தான் சோறு திங்கிறயோ!"