கமலாசனி திருப்பிக் காட்டிய புள்ளிகள்

மாங்குளத்திலிருந்து மல்லாவிப் பக்கம் போகும் வழியில் ஒரு பால் சங்கம் இருக்கிறது. அங்கே கணினி வேலை பார்ப்பவள் கமலாசனி. நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள். கணினியைத் தொட்டதே முப்பது தாண்டிய பிறகுதான். அதனாலென்ன? சங்கத்தில் பிறின்ரர் முனகினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கெட்டிக்காரி என்று வாய் நிறையச் சொல்லலாம்.

அவளுக்கு ஒரு புரோகிராமில் பித்து. இணையத்தில் சும்மா கிடைத்தது. எண்களைக் கொடுத்தால் புள்ளிகளாக்கி, நீளம், அகலம், உயரம் மூன்றும் வைத்து அந்தரத்தில் நிறுத்தும். மௌஸைப் பிடித்து இழுத்தால் புள்ளிக் கூட்டம் முழுவதும் சுழலும். "கமலாசனி கேம் விளையாடுறா" என்று சிரிப்பார்கள். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இப்படியிருக்கத்தான் சிவலட்சுமிக்கு வந்தது வினை. சங்கத்து வேலிக்குப் பின்னால் வீடு, நாலு பசு. பாலின் அடர்த்தி பார்க்கும் பால்மானி அவளுடைய பாலில் மட்டும் எப்போதும் குறைவாகக் காட்டியது. தண்ணீர் கலக்கிறாள் என்று கூட்டத்தில் பேரை உரத்து வாசித்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து அவள் பால் வேண்டாம் என்று தலைவர் பரமலிங்கம் முடிவும் சொன்னார். அவள் எழுந்து போனாள்.

கமலாசனி சங்கத்துப் பால் கணக்கைப் புரட்டினாள். தண்ணீர் கலந்தால் கொழுப்பும் அல்லவா குறைய வேண்டும்? அது குறையவில்லையே!

புரோகிராமைத் திறந்தாள். ஒரு பக்கம் அடர்த்தி, ஒரு பக்கம் கொழுப்பு. மூன்றாவது பக்கத்துக்குப் பாலின் சூட்டைக் கொடுத்தாள். நாள்தோறும் அளப்பார்கள், ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சிவலட்சுமிக்குச் சிவப்பு நிறம், மற்றவர்களுக்கு நீலம். முன்னாலிருந்து பார்த்தால் சிவப்பெல்லாம் தனியே கீழே தொங்கியது. மெல்லத் திருப்பினாள். அட! எல்லாருடைய புள்ளிகளும் ஒரே சரிவில் வந்து நின்றன. யார் பாலானாலும் சூடு கூடக் கூட அடர்த்தி இறங்கியிருந்தது. மற்றவர்களின் பால் சைக்கிளில் காற்று வாங்கி ஆறி வந்தது. சிவலட்சுமியின் பால் கறந்த சூட்டோடு வேலியைத் தாண்டியது. கிட்ட இருந்ததுதான் அந்த மனுசி செய்த குற்றம்.

அடுத்த கூட்டம் காலைப் பால் எடுத்து முடிந்த கையோடு நடந்தது. கமலாசனி படத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

"சிவப்புக்குள்ள நிக்கிற அந்த நீலப் புள்ளி ஆரின்ர, பிள்ளை?" என்றார் பரமலிங்கம்.

"உங்கடைதான் ஐயா."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"விசர்க் கதை கதையாதை!" என்றார் அவர்.

"திகதியைப் பாருங்கோ. அண்டைக்கு நீங்கள் மோட்டார் சைக்கிளில சுடச்சுடக் கொண்டுவந்தனீங்கள்."

அவர் தலையைச் சொறிந்தார். "சரி, அவவின்ர பாலை ஆற வைச்சுப் பாப்பம்" என்றார். சிவலட்சுமி அன்று கொண்டுவந்த பாலைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஆற்றிப் பால்மானியை விட்டார்கள். மற்றவர்களின் பாலில் காட்டுவதையே காட்டியது. கமலாசனிக்குப் பெருமை பிடிபடவில்லை. சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டாள்.

வாசலில் நின்ற சிவலட்சுமி உள்ளே வந்தாள். "நானும் ஒருக்காத் திருப்பிப் பாக்கவா மிஸ்?"

மௌஸைப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பினாள், பிறகு நேராக்கினாள். சிவப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இதுல ஒண்ணாவது தண்ணி கலந்ததா இருக்கா?"

"ஒண்டும் இல்லை அக்கா."

"அதச் சத்தமாச் சொல்லுங்க மிஸ். அன்னைக்கு என் பேரச் சத்தமாத்தானே வாசிச்சாங்க."

கமலாசனி எழுந்தாள். பரமலிங்கம் கையைக் காட்டி அவளை இருத்திவிட்டுத் தானே எழுந்து நின்றார்.

"சிவலட்சுமியின்ர பாலில ஒரு சொட்டுத் தண்ணியும் இல்லை. பிழை எங்கட பக்கம்."

"வெளிய நிக்கிறவங்களுக்குக் கேக்கலையே, ஐயா" என்றாள் சிவலட்சுமி.

அவர் வாசலுக்குப் போய் நின்று இன்னொரு முறை சொன்னார்.