காலுக்கு நான்கு கல்

பிறிஜெற் அக்காவின் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அந்தக் கையெழுத்துத்தான் அவரை மாட்டிவிட்டது. மாட்டிவிட்டதில் எனக்கும் பங்கு உண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னை நல்லவள் என்று யாரும் நினைக்கக் கூடாது.

முகத்துவாரத்தில் கால்வாயை ஒட்டி எங்கள் தோட்டம். பெயர்தான் தோட்டம், நெருக்கியடித்த நாற்பத்திரண்டு வீடுகள். மழை இரண்டு மணித்தியாலம் விடாமல் அடித்தால் கால்வாய் வீட்டுக்குள் வந்துவிடும். அக்காவின் வீடு ஆகப் பள்ளத்தில். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அவருடைய கணவர் கிளெமென்ற் அண்ணன் பாரிசவாதம் வந்து நாலு வருடமாகப் படுக்கையில். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கட்டில் கால்களின் கீழே கல் வைத்து உயர்த்தி, இப்போது காலுக்கு நான்கு கல்.

இரண்டு வருடத்துக்கு முன் பல்கலைக்கழகத்திலிருந்து மஜீட் சேர் வந்தார். வெள்ளத்தை ஆராய அரசாங்கம் காசு கொடுக்கிறதாம். ஆனால் ஊர்ச் சங்கம் ஒன்று பங்காளியாகக் கையெழுத்துப் போட வேண்டும், ஊர்ச் சனமே தண்ணீரை அளந்து எழுத வேண்டும். எங்கள் தோட்டமும் கால்வாய்க்கு அந்தப் பக்கத்துத் தோட்டமும் தெரிவாகியிருந்தன. எங்கே தண்ணீர் கூடவோ அங்கே தண்ணீரை இறைக்க ஒரு பெரிய பம்ப் வைப்பார்களாம்.

எங்களிடம் பதிவு செய்த சங்கம் ஒன்றே ஒன்றுதான், மரண உதவிச் சங்கம். செத்த வீட்டுக்குக் கூடாரமும் கதிரையும் கொடுக்கிற சங்கம் ஆராய்ச்சிக்குப் பங்காளி! சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. செயலாளர் பிறிஜெற் அக்கா. அளவு எழுதுகிற கொப்பியும் அவர் கைக்கு வந்தது. மதகடியில் நட்ட அளவுப் பலகையைப் பார்த்து, மழை பெய்த நாளெல்லாம் எழுத வேண்டும்.

முதல் மழைக்கு அக்கா உள்ளதை உள்ளபடி எழுதினார். அன்றைக்கே சங்கத் தலைவர் நாகேந்திரம் அண்ணன் ஓடி வந்தார்.

"பிறிஜெற், விசரா உங்களுக்கு? முன்னம் இப்பிடித்தான் மேல் தோட்டத்தை அளந்தாங்க. சுவரில நம்பர் போட்டாங்க. ஆறு மாசத்தில வீட்டை உடைச்சு சனத்தை எல்லாம் அடுக்குமாடிக்கு ஏத்திட்டாங்க. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன, குறைச்சு எழுதுங்க!"

"ஓம் அக்கா," என்றேன் நானும். எனக்கு என் இடியப்பக் கடை. எட்டாம் மாடியில் யாருக்கு இடியப்பம் விற்பது? அதோடு நிறுத்தினேனா? சண்டாளி, அவருக்கு எங்கே வலிக்குமோ அங்கேயே தொட்டேன். "லிஃப்ட் நிண்டா அண்ணனை எப்பிடி இறக்குவீங்க?"

அக்கா கொப்பியை மூடி வைத்தார். அடுத்த மழையிலிருந்து எல்லாமே அரை அடி.

போன கார்த்திகையில் தண்ணீர் அண்ணனின் மெத்தையின் அடியைத் தொட்டது. நானும் அக்காவும் இடுப்பளவு தண்ணீரில் நின்று கட்டிலைத் தூக்கி நான்காவது கல்லை வைத்தோம். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு செபம் சொன்னார். கொப்பியில் அன்றைக்கும் அரை அடி. நத்தார்ப் பண்டிகைக்கு வழக்கம்போல எல்லாரும் சுவருக்குப் பெயின்ற் அடித்தோம். வெள்ளக் கறையும் அதோடு போயிற்று.

போன கிழமை மஜீட் சேர் முடிவைச் சொன்னார். பம்ப் அந்தப் பக்கத்துக்கு. இங்கே தேவை இல்லையாம். அப்போதுதான் நாகேந்திரம் அண்ணன் மெல்ல, மாடிக் கதை என்ன மாதிரி என்று கேட்டார்.

"மாடியா? அப்பிடி ஒரு திட்டமே இதில இல்லையே," என்றார் சேர்.

ஐயோ! இல்லாத மாடிக்குப் பயந்துதான் பொய் எழுத வைத்திருக்கிறோம். சேர் விடவில்லை, பிறிஜெற் அக்காவின் கொப்பியைத் தூக்கிக் காட்டி, இவ்வளவு ஒழுங்காக எழுதிய ஆளைத் தான் பார்த்ததில்லை என்று கைதட்டச் சொன்னார். நாங்களும் தட்டினோம்.

கடைசி அறிக்கைக்குப் பங்காளியின் கையெழுத்து வேண்டும் என்று மறுநாள் சேரின் மாணவி நிம்றா வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். அக்கா பேனையை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"ஏன் அக்கா கட்டில் இவ்வளவு உயரம்?" என்று கேட்டாள் நிம்றா.

"கீழ கூட்ட லேசு, பிள்ளை."

கட்டிலிலிருந்து அண்ணன் குழறினார். "கல்... கல்லைப் பாரு, மகள்."

நிம்றா குனிந்து பார்த்தாள். கல்லுக்கு நாங்கள் பெயின்ற் அடிக்கவில்லை. நான்கு கல்லையும் தாண்டிக் கட்டில் கால் வரைக்கும் சேறு காய்ந்து பிடித்திருந்தது. நிமிர்ந்தபோது பிள்ளையின் முகம் வெளிறிப்போயிருந்தது.

"அக்கா, அப்ப கொப்பி?"

என் பெயர் வரும் என்று பயந்தேன். நாகேந்திரம் பெயராவது வரும் என்று பார்த்தேன்.

"நான்தான் பொய் எழுதினது," என்றார் அக்கா. "இப்ப மாத்த ஏலுமா?"

"இதை நான் சேரிட்ட சொன்னா முழு ஆராய்ச்சியும் விழும், அக்கா. அரசாங்கம் காசை நிப்பாட்டிரும். அந்தப் பக்கத்துக்கும் பம்ப் வராது." நிம்றா அழுகிற குரலில் சொன்னாள். "சொல்லவா? நீங்க சொல்லச் சொன்னா, நான் சொல்றேன்."

அக்கா கட்டிலைப் பார்த்தார். 

"கால்வாய்க்கு அங்கால படுக்கையில ஆள் இருக்கா, பிள்ளை?"

"மூணு வீட்டில இருக்கு."

அக்கா அறிக்கையை மடியில் வைத்து, எழுத்துப் பிசகாமல் முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்தார். நிம்றா போகும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனாள்.

நான் அழுதேன். மன்னியுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அக்கா என்னைத் திட்டியிருக்கலாம், ஒரு அறை விட்டிருக்கலாம். அவர் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

"தங்கச்சி," என்றார், "உங்கட வீட்டுப் பின்னால நாலு கல் கிடந்ததே, இருக்கா?"