புதன்கிழமைத் துண்டு

அந்த முதியோர் இல்லத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண்ணுக்குக் காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்பார்கள். கூப்பிடுவதும் 'சக்கரம்' என்றுதான். சோற்றுத் தட்டைக் கையில் ஏந்தி நடந்தபடியே சாப்பிடுவாள். வீட்டில் மாமியார், "ஒரு இடத்துல உட்காருடி, எனக்குத் தலை சுத்துது" என்று சத்தம் போடுவார். கேட்டால்தானே!

அவள் கவலையெல்லாம் ஒரே ஒரு கோப்பைப் பற்றியது. அங்கிருப்பவர்கள் அத்தனை பேரின் மருந்து, அளவு, புண், தூக்கம் எல்லாம் அடங்கிய யானைக் கோப்பு. ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். முழுசாக நகல் எடுத்தால் அரை நாளுக்கு வார்டுத் திரைகள் நத்தையாக ஊரும். பெரிய சிஸ்டர் சண்டைக்கு வந்துவிடுவார்.

"உன் நகல் முடியுற வரைக்கும் இவங்க மாத்திரை இல்லாம வாயைப் பொளந்துட்டு இருக்கணுமா?"

ஆகவே முழு நகலை மாதத்துக்கு ஒன்றாக்கினாள். மற்ற நாள்களில் அன்றன்று மாறிய பகுதி மட்டும் தனித் துண்டாக. சீக்கிரம் முடியும். படுத்த படுக்கையானவரை ஈரத்துணியால் துடைத்துவிடுவது போன்ற வேலை. துடைத்தது போதும் என்று குளியலைத் தள்ளிப்போட்டால், புரட்டிப் பார்க்கும் அன்றுதான் முதுகுப் புண் கண்ணில் படும்.

ஒரு திங்கட்கிழமை பிற்பகலில் கோப்பு கெட்டுத் திரைகள் வெளுத்தன. மாலை மருந்துக்குள் மீட்டாக வேண்டும். மாதத் தொடக்கத்து முழு நகலைப் போட்டு, அதன்மேல் ஒவ்வொரு நாள் துண்டாக அடுக்கினாள். போன செவ்வாயோடு அடுக்கு நின்றது. புதன்கிழமைத் துண்டு பாழாகியிருந்தது. அது இல்லாமல் அடுத்து வந்த எந்தத் துண்டும் உட்காரவில்லை. எழுந்து ஜன்னல்வரை போனாள். திரும்பி வந்து மறுபடி முயன்றாள். அதே கதை.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "அட, திரை வந்துடுச்சே! அப்புறம் என்னம்மா முழிக்கிற?"

"இது போன செவ்வாய்க்கிழமை நிலவரம், சார்."

"அதுக்குள்ள இங்க இருக்கிறவங்க என்ன இளவட்டமாவா மாறிட்டாங்க? திறந்து விடு."

நர்சுகளுக்குத் திறந்துவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. திரையில் ஒரு குறையும் தெரியவில்லை. கோப்பைத் திறக்காமல் பூட்டியே வைத்துவிட்டு, வார்டுக்கு ஓடினாள்.

"சிஸ்டர், மூலைக் கட்டில் தாத்தாவுக்கு ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கிற மாத்திரை, ஒண்ணா பாதியா?"

"பாதி. வியாழக்கிழமைதானே டாக்டர் குறைச்சார்."

"நான் மீட்டதுல ஒண்ணுன்னு இருக்கு. புதன்கிழமையிலேர்ந்து எதுவும் காணோம்."

பெரிய சிஸ்டர் நர்சுகள் பக்கம் திரும்பினார். "திரை வந்தாலும் யாரும் அதைப் பார்த்துக் குடுக்காதீங்க! மருந்துப் பெட்டியில ஒட்டின சீட்டைப் பாருங்க. சந்தேகம் வந்தா டாக்டருக்கு போன் போடுங்க." பிறகு இவளிடம், "இது வராம தடுத்திருக்க முடியாதா?"

"நேத்து ஒரு முழு நகல் எடுத்திருந்தா அதுல நேத்து வரைக்கும் எல்லாமே இருந்திருக்கும்."

"பின்ன ஏன் எடுக்கல?"

"நீங்க திட்டுவீங்கன்னு."

சிஸ்டர் மருந்து வண்டியைத் தள்ளினார். 'சக்கரம்' கூடவே நடந்து ஒவ்வொரு பெட்டியின் சீட்டையும் உரக்கப் படிக்க, அவர் சரிபார்த்துக் கொடுத்தார். மூலைக் கட்டில் தாத்தா பாதி மாத்திரையை விழுங்கிவிட்டு, இவ்வளவு நேரமா என்று இருவரையும் ஒருசேர வைதார்.

வார்டு முடிந்ததும் சிஸ்டர் சொன்னார்: "இனிமே வாராவாரம் முழுசா எடு. நான் திட்டத்தான் செய்வேன். திட்டினாலும் எடு."