சிவப்பு விழுந்தால் போதாது

எங்கள் திட்டத்தின் விதிகளை நான் முதன்முதலில் படித்தது மலேசியாவில் லூனாஸிலிருந்து கூலிம் போகும் தொழிற்சாலை பஸ்ஸில். எங்கள் திட்டம் என்று சொல்வதே கொஞ்சம் திமிர்தான். அது ஓர் ஓப்பன் சோர்ஸ் பிளாக்செயின் மென்பொருள்; அதன் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம். நான் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை, அதில் ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்பவர்களிடம் எங்கள் திட்டம் என்றுதான் சொல்வேன்.

விதிகள் கறாரானவை. ஒவ்வொரு திருத்தத்தையும் இரண்டு பேர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். திருத்தத்தோடு அதற்கான சோதனையும் வர வேண்டும். அந்தச் சோதனை ஒரு முறையாவது தோற்பதை எழுதியவர் பார்த்திருக்க வேண்டும். அதாவது நிரலை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போதும் தேறியதாகப் பச்சை காட்டினால் அந்தச் சோதனைக்குக் கண் தெரியவில்லை என்று அர்த்தம். அனுப்பும் படிவத்தில் இதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. என் திருத்தத்தை அனுப்பியபோது நான் அதில் டிக் போட்டேன். ஆனால் கெடுத்துப் பார்க்கவில்லை. பதினொரு சோதனையும் பச்சையாக ஓடிவிட்டது, இனி எதற்கு என்று தோன்றிவிட்டது.

ஒரே நாணயத்தை ஒருவர் இரண்டு முறை செலவழிக்கப் பார்த்தால், மென்பொருள் இரண்டாவதைத் தடுக்க வேண்டும். அந்தச் சரிபார்ப்பு மெதுவாக நடந்துகொண்டிருந்தது, நான் அதை வேகமாக்கியிருந்தேன். இரண்டு பேரும் ஒப்புதல் கொடுத்து, வியாழக்கிழமை மூல நிரலில் சேர்ப்பதாகச் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை எனக்குப் பினாங்கில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நேர்முகத் தேர்வு. டிப்ளோமாவோடு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கும் என்னை அவர்கள் கூப்பிட்டதற்குக் காரணமே ஒரு கேள்விக்கு நான் தந்த பதில்தான். ஏதாவது திட்டத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட திருத்தம் ஒன்றைக் காட்ட முடியுமா என்று கேட்டிருந்தார்கள். முடியும் என்று நான் எழுதியிருந்தேன்.

புதன்கிழமை காலை ஷிப்ட். எங்கள் லைனில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தினமும் ஏழு மணிக்கு, லைன் ஓடத் தொடங்கும் முன், சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு பழுதான போர்டைப் பூட்டிய பெட்டியிலிருந்து எடுத்து அதில் வைப்போம். அதைப் பழுது என்று இயந்திரம் சொன்னால்தான் அன்றைக்கு அதை நம்பலாம். வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. தாளில் டிக் போட்டேன்.

அந்த இயந்திரத்தை ஓட்டும் அக்காவும் லூனாஸிலிருந்து அதே பஸ்ஸில் வருபவர்தான். வயது என்னைவிட ஐந்தாறு கூட இருக்கலாம். வாய்க்குப் பத்துப் பதினைந்து கூட.

"எதுக்கு தம்பி டிக் போட்ட?"

"ஃபெயில் ஆயிருச்சுல்ல அக்கா."

"எதுல ஆச்சு? ஸ்கிரீன பாரு லா. இந்தப் போர்டுக்கு ஏழாம் நம்பர் பழுதுன்னு வரணும், ரெண்டுன்னு வந்திருக்கு. மிஷின் மூடியே சரியா மூடல. ஊசி போர்ட தொடவே இல்ல, அப்புறம் எப்படி அது பழுத கண்டுபிடிக்கும்?"

மூடினால் சரியாகிவிடும் என்றேன்.

"சரியாயிரும். ஆனா நீ டிக் போட்டப்ப உனக்கு அது தெரியாதுல்ல. பஸ்ல மட்டும் ஊருக்கே பாடம் எடுக்குற."

மூடியை ஓர் அழுத்து அழுத்தி அவரே மறுபடி ஓட்டினார். ஏழு வந்தது. நான் பழைய டிக்கை அடித்துக் கையெழுத்துப் போட்டுப் புதிதாக ஒன்று போட்டேன். பத்து மணிக்குக் கேண்டீனில் மீ கோரேங் தட்டோடு உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. என் சோதனையும் 'நிராகரிக்கப்பட்டதா' என்று மட்டும்தான் கேட்கிறது. எதற்காக என்று கேட்கவில்லை. கைப்பேசியோ லாக்கரில் இருந்தது. ஷிப்ட் முடியும்வரை நான் எதைத் தொட்டேன், எதை எழுதினேன் என்பது நினைவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சட்டைகூட மாற்றாமல் மடிக்கணினியைத் திறந்தேன். இரட்டைச் செலவைத் தடுக்கும் அந்த ஒரே வரியை எடுத்துவிட்டு ஓட்டினேன். பதினொன்றும் பச்சை. காரணம் தேடியபோது வெட்கமாகத்தான் இருந்தது. சோதனையில் இரண்டாவது செலவுக்கு நான் தவறான டிஜிட்டல் சாவியால் கையெழுத்திட்டிருந்தேன். கையெழுத்து பொருந்தவில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது மென்பொருள். என் சரிபார்ப்பு வரை எதுவும் வந்து சேரவே இல்லை.

சரியான சாவியை வைத்து, எடுத்த வரியையும் திரும்பப் போட்டு ஓட்டினேன். ஒரு சோதனை சிவந்தது. இரண்டு செலவும் ஒரே பிளாக்கில், அதாவது ஒரே பதிவுத் தொகுப்பில், வந்தால் என் வேகமான நிரல் இரண்டையும் உள்ளே விட்டுவிடுகிறது.

இது யாருக்கும் தெரியாது. வியாழக்கிழமை சேர்ந்துவிடட்டும், வெள்ளிக்கிழமை காட்டிவிட்டு வருவோம், திங்கட்கிழமை ஒரு குட்டித் திருத்தம் அனுப்பினால் போயிற்று. எதிரில் இருந்த டீ ஆறும்வரை இதைத்தான் உண்மையாகவே யோசித்தேன். அடுத்த வெளியீடு ஒரு மாதம் கழித்துத்தான், யாருக்கும் நட்டமில்லை என்றுகூடக் கணக்குப் போட்டேன். ஆனால் படிவத்தைத் திறந்தால் அந்தக் கட்டத்தில் என் டிக் அப்படியே இருந்தது. காலையில் இன்னொரு டிக்கை என் கையாலேயே அடித்திருந்தேன். இதையும் அடித்தேன். என் சோதனை தோற்பதை நான் பார்க்கவே இல்லை, நிரலிலும் பிழை இருக்கிறது, சேர்க்க வேண்டாம் என்று எழுதி அனுப்பினேன். ஒப்புதல் தந்தவர்களில் ஒருவர் ஒரு மணி நேரத்தில் பதில் போட்டார்: தானும் கெடுத்துப் பார்க்கவில்லையாம்.

வெள்ளிக்கிழமை பினாங்குப் பாலத்தைக் கடந்து போனேன். நேர்முகத் தேர்வு நடத்திய பெண்மணி திரையைப் பார்த்துவிட்டு, இது திரும்பப் பெறப்பட்டது என்று காட்டுகிறதே என்றார். ஏன் என்று சொன்னேன். மூடியையும் ஏழாம் எண்ணையும் சேர்த்தே சொன்னேன். அவர் சிரித்தார், நிறையக் கேட்டார். அடுத்த வாரம், வேறொருவரை எடுத்துவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. அது இந்தத் திருத்தத்தால்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வலித்தது. இன்னும் அதே பஸ்ஸில்தான் போகிறேன்.

என் திருத்தம் பிறகு ஒழுங்கான சோதனைகளோடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதோடு விதிகளில் ஒரு வரி சேர்க்கவும் கேட்டேன்: நிராகரிப்பைச் சோதிக்கும்போது, எந்தக் காரணத்துக்காக நிராகரிக்கப்பட்டது என்பதையும் சோதிக்க வேண்டும். ஒப்புக்கொண்டார்கள். பஸ்ஸில் அக்காவிடம் கைப்பேசியை நீட்டி, இது நீங்கள் சொன்னதுதான் என்றேன். அந்த வரிக்குக் கீழே நான் எழுதியிருந்த எடுத்துக்காட்டைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஏழுன்னு போட்டிருக்க."

"ஆமா அக்கா."

"அப்ப சரி," என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கூலிம் வரும்வரை தூங்கிவிட்டார்.