யாரையும் தடுக்காத தலைவர்

அவருடைய மாந்தோப்புக்குப் படல் உண்டு, பூட்டு கிடையாது. யாரிடமும் அதைத்தான் முதலில் சொல்வார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில், ராஜபாளையத்தை ஒட்டிய ஒரு கிராமத்துப் பஞ்சாயத்து போர்டில் அவர் தலைவர், நான் குமாஸ்தா. ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகசாலையில் மாதம் ஒருமுறை பேசுவார். ஒருவனை இன்னொருவன் தடுக்காமல் இருப்பதே சுதந்திரம், அதற்கு மேல் கேட்பது பேராசை என்பார். வக்கீல்கள் கைதட்டுவார்கள். நானும் தட்டினேன், என் விடுப்பு மனு அவர் மேஜையில் இருந்தது. இன்றும் மேடைகளில் அதே பேச்சைக் கேட்கிறேன். ஓய்வூதியக்காரன் கைதட்ட வேண்டியதில்லை.

பஞ்சாலைக்குப் போகும் பெண்கள் அந்தத் தோப்பு வழியாகத்தான் நடந்தார்கள். ரோடு வழியாகச் சுற்றினால் ஆலையில் சங்கு ஊதிக் கதவை அடைத்துவிடுவார்கள். அன்றைய கூலி போய்விடும். தலைவர் தடுத்ததே இல்லை. காலையில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருப்பார். அவர்கள் நின்று கும்பிட்டு, அவருடைய பழைய வேடிக்கைக்குச் சிரித்துவிட்டுப் போவார்கள். சிரிக்காதவளை அவர் ஒன்றும் செய்ததில்லை. செய்வாரோ என்று அவர்கள்தான் தினமும் யோசித்தார்கள்.

அவர்களில் ஒருத்தி, ஐம்பது வயதிருக்கும், தோப்பு வழியைப் பொதுப்பாதை என்று பதிவேட்டில் எழுதக் கேட்டு மனு கொண்டுவந்தாள். சர்வே எண் இல்லையென்று திருப்பினேன். எண்ணோடு வந்தாள். தேதி இல்லையென்று திருப்பினேன். தேதியோடு வந்தாள். வேறு வழியின்றிக் கூட்டத்தில் வைத்தேன்.

தலைவர் உண்மையிலேயே நொந்துபோனார். "ஏம்மா, என்னைக்காவது உன்னத் தடுத்தேனா?"

"தடுக்கலய்யா. உங்க மூஞ்சியப் பாத்துப் பாத்துல்லா நடக்கோம். காலு வலிக்கல, சிரிச்சுச் சிரிச்சு வாயிதான் வலிக்கு."

"ஏட்டி, யாருகிட்டப் பேசுத?" என்றார் ஓர் உறுப்பினர்.

"தலைவருகிட்ட. தோப்புக்காரருகிட்டப் பேசணும்னா தோப்புக்கே போயிருப்பேன்."

தலைவர் வேறு, தோப்புக்காரர் வேறு; அவள் சொன்னதுதான் விதி. தன் சொத்து விவாதத்துக்கு வந்தால் தலைவர் நாற்காலியை விட்டு எழ வேண்டும். எனக்கு அது மனப்பாடம். அவர் என்னைப் பார்த்தார். நான் மைக்கூட்டைப் பார்த்தேன். தடையில்லாத இடத்தில் உரிமைக்குத் தேவையில்லை என்று மனு தள்ளுபடியானது. தீர்மானத்தை நல்ல கையெழுத்தில் நானே எழுதினேன்.

மறுநாளும் படல் திறந்தே இருந்தது. அவ்வளவு பெருந்தன்மை. நான்கு வருடம் கழித்து அவர் இறந்தார். காரியம் முடிந்த மறுநாளே மகன் முள்கம்பி போட்டான்; எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. அன்று சங்கு ஊதி ஓய்ந்த பிறகு பெண்கள் போர்டு ஆபீசுக்கு வந்தார்கள். அவள்தான் முன்னால் நின்றாள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முறைப்படி கேட்டேன்.

"அது பாதைன்னு ஏதாவது பதிவு இருக்கா?"